கிட்டாரில் படர்ந்த வெண்மேகம்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் பெரிய பதவிகளில் இருந்தவர்கள். நான் 1979-இல் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பு ஆலையில் ஈரப்பதப் பிரிவில் சேர்ந்து, 2016-இல் அங்கேயே ஓய்வு பெற்றவன். சாதனை என்று சொல்ல ஒன்றுமில்லை. செயலாளர் விடவில்லை. “உங்க கிட்டார் கதையைச் சொல்லுங்க, அது போதும்” என்றார். அதைத்தான் சொல்லப் போகிறேன். கிட்டார் வாசித்த கதை அல்ல. எனக்கு வாசிக்கத் தெரியாது. கிட்டார் மேல் அடித்த வார்னிஷ் வெள்ளையாகப் போன கதை.

எங்கள் வகுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற ஒருவன் இருந்தான். என் நண்பர்கள் யாரைச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். பெயர் வேண்டாம். தச்சு வேலைக் குடும்பம். படித்து வங்கி வேலைக்குப் போனாலும் இழைப்புளியை அவன் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் வீட்டுப் பின்கட்டில் மரத்தூள் வாசனைதான். ஓய்வு பெற்றதும் மகளுக்காக ஒரு கிட்டார் செய்ய ஆரம்பித்தான். தாத்தா காலத்துத் தோதகத்திக் கட்டில் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் தலைமாட்டுப் பலகையை வாள்பட்டறையில் கொடுத்து அறுத்து, முதுகுப் பலகைக்கும் பக்கப் பலகைக்கும் வைத்துக்கொண்டான். தோதகத்தி என்றால் ஈட்டி மரம். உலகமெங்கும் நல்ல கிட்டார்களின் முதுகில் இருப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரம்தான் என்று அவனுக்கு ஒரு பெருமை. முன்பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான். இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். விரலால் தட்டினால் பப்படம் மாதிரி சத்தம் வரும்.

நான் எடுபிடி. பலகையைப் பிடிப்பேன், வச்சிரம் காய்ச்சுவேன், காப்பி வாங்கி வருவேன். இப்படி இரண்டு வருடம் ஓடியது. 2022 சித்திரையில் அவன் போய்விட்டான். மாரடைப்பு. கிட்டார் முழு வடிவத்துக்கு வந்திருந்தது. பூச்சு மட்டும்தான் பாக்கி. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவன் மகள் என்னிடம் வந்து, “மாமா, அப்பா விட்டுட்டுப் போனதை நீங்க முடிச்சுத் தருவீங்களா?” என்று கேட்டாள். அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது, கார்த்திகை முதல் வாரம் சேர வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டேன். எடுபிடியாக இருந்தவன் ஆசாரியாகிவிட்டேன்.

கார்த்திகைக்குள் முடிக்க வேண்டுமென்றால் ஐப்பசியில் பூச வேண்டும். ஐப்பசி நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மலை தெரியாது, மாலையில் மழை. கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாள் ஆனாலும் காயாது. அந்த மாதிரி ஒரு சாயங்காலம், மழை விட்டதும், தூசி அடங்கியிருக்கிறது, இதுதான் நல்ல நேரம் என்று நானாக முடிவு செய்து, வாடகைக்கு எடுத்த கம்ப்ரெஸரையும் ஸ்ப்ரே கன்னையும் வைத்து என்.சி. லாக்கர் அடித்தேன். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், கஞ்சித் தண்ணீரை ஊற்றிய மாதிரி முன்பலகை வெளுத்துக் கிடக்கிறது. முதுகுப் பக்கம் இன்னும் மோசம். கறுப்பு மரம் அல்லவா, சாம்பல் பூத்தது போல இருந்தது.

இங்கேதான் நான் வரிசையாகத் தப்பு செய்தேன். ‘பூச்சு மெல்லிசாகிவிட்டது, கனமாக அடித்தால் சரியாகும்’ என்று மறுநாள் சாயங்காலம் அதன் மேலேயே மூன்று கோட் அடித்தேன். மேகத்தின் மேல் மேகம். மூன்றாம் நாள் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். நல்ல கிட்டாரில் இந்தப் பூச்சின் மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடினால் ஒன்றரைப் பங்கு. அதாவது இரண்டு தலைமுடிப் பருமன். அதற்கு மேல் போனால் சத்தம் அமுங்கிவிடும். நான் தேய்த்த தேய்ப்பில் ஓரத்தில் ஓரிடத்தில் மரம் தெரிந்துவிட்டது. அப்போதுதான் கை நின்றது. அவன் இரண்டு வருடம் இழைத்த பலகை அது. அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. மனைவி, “மரச்சாமானுக்காகவா இப்படி உட்கார்ந்திருக்கீங்க?” என்றாள். மரச்சாமான்தான். என்ன பதில் சொல்வது?

பிறகு ஊரெல்லாம் கேட்டேன். பெயிண்ட் கடையில் ஒருவர், “மெலமைன் அடிச்சிருங்க, எல்லாம் மறைஞ்சிரும்” என்றார். இன்னொருவர் எல்லாவற்றையும் ரிமூவர் போட்டு உரித்துவிடச் சொன்னார். மற்றொருவர் மரமே சரியில்லை என்றார். எல்லோரும் மருந்து சொன்னார்களே தவிர, என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊஞ்சலுக்கும் பழைய கதவுகளுக்கும் அரக்குப் பாலிஷ் போடுகிற ஒரு அண்ணாச்சி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கிட்டாரைக் கையில் வாங்கியவர் வெயிலில் சாய்த்துப் பார்த்தார். “டர்பன்டைன் இருக்கா?” என்றார். ஒரு துணியில் நனைத்து, வெளுத்த இடத்தில் ஒரு தடவு தடவினார். “ஈரம் இருக்கும்போதே பாருங்க. வெள்ளை மறையுதா?” மறையவில்லை. “அப்போ வியாதி மேலே இல்லை, உள்ளே இருக்கு. மேலே தேய்ச்சு என்ன பிரயோசனம்?” என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஐந்து நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருந்தால் உப்புத்தாளைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இதில் உள்ள இயற்பியலைத் தம்பிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளை. தண்ணீரில் நனைத்தால் கீழே இருக்கிற கை தெரிகிறது. நூலுக்கு இடையில் இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது. மேற்பரப்பில் கீறலோ சொரசொரப்போ இருந்தால், டர்பன்டைன் அந்தப் பள்ளங்களை நிரப்பும், அதனால் வெள்ளை மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். அப்படிப்பட்ட வெள்ளைக்கு மருந்து மெருகு போடுவது. ஈரத்திலும் மறையாத வெள்ளை பூச்சுக்குள்ளேயோ பூச்சுக்கு அடியிலேயோ இருக்கிறது. அதற்கு மெருகு போட்டுப் பயனில்லை. டர்பன்டைன் லாக்கரையும் கரைக்காது, அரக்கையும் கரைக்காது. ஆகவே பயமில்லாமல் செய்து பார்க்கலாம். தின்னரை வைத்து இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள். பூச்சே துணியோடு வந்துவிடும்.

சரி, உள்ளே என்ன வியாதி? அண்ணாச்சி, “மழை குடிச்சிருக்கு” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். எனக்கு அது எப்படி என்று புரிய இரண்டு நாள் ஆனது. புரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கல்லூரி.

நம் ஆய்வுக்கூடத்தில் ரெனோவின் ஈரப்பதமானி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அவர் பிரெஞ்சுக்காரர். நாமெல்லாம் ‘ரெக்னால்ட்’ என்று சொல்லி ஐயாவிடம் திட்டு வாங்குவோம். வெள்ளி பளபளக்கும் ஒரு குழாய். அதற்குள் ஈதரை ஊற்றி, காற்றைக் குமிழ் குமிழாக விட்டால் ஈதர் ஆவியாகும். ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். குழாய் குளிர்ந்து குளிர்ந்து, ஒரு வெப்பநிலையில் பளபளத்த வெள்ளி திடீரென்று மங்கும். காற்றில் இருந்த ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்துவிட்டது. அதுதான் பனிநிலை. அந்த மங்கலைக் கண்டதும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். நான் மங்கலைப் பார்க்காமலேயே பக்கத்து மேஜைக்காரனின் எண்ணைப் பார்த்து எழுதியவன். பக்கத்து மேஜைக்காரன் யார் என்று சொல்ல வேண்டுமா?

லாக்கர் அடித்த கிட்டார் என்பது பெரிய சைஸில் ஒரு ரெனோ ஈரப்பதமானிதான். ஈதருக்குப் பதில் தின்னர். அதில் அசிட்டோன் போன்ற, சீக்கிரம் பறந்து போகிற திரவங்கள் இருக்கின்றன. அவை பறக்கும்போது பூச்சின் மேற்பரப்பு நாலைந்து டிகிரி எளிதாகக் குளிர்ந்துவிடும். அந்த வெப்பநிலை காற்றின் பனிநிலைக்குக் கீழே போனால், ஈரப் பூச்சுக்குள் பொடிப் பொடியாகத் தண்ணீர் இறங்கும். லாக்கரில் இருக்கிற நைட்ரோ செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி அது திரிந்துவிடும். பிறகு தண்ணீர் போனாலும், திரிந்த துகளும் இடையில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் அப்படியே இறுகிவிடும். கண்ணாடி தெளிவானது, அதை இடித்து மாஞ்சாவுக்குத் தூளாக்கினால் வெள்ளை. அதே கதைதான்.

இன்னொரு வேடிக்கை. நைட்ரோ செல்லுலோஸ் என்பது வேறொன்றுமில்லை, பஞ்சு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் போட்டு எடுத்தால் வெடிக்கும் என்று 1846-இல் ஷோன்பைன் என்பவர் கண்டுபிடித்தார். அருவங்காட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருக்கும் கார்டைட் வேலைக்கும் அடிப்படை அதுதான். அமிலத்தின் அளவைக் குறைத்துச் செய்தால் வெடிக்காமல் லாக்கராகும். 1920-களில் மோட்டார் கார்களுக்குச் சீக்கிரம் காய்கிற பெயிண்டாக வந்து, அங்கிருந்து கிட்டாருக்குத் தாவியது. ஆக, 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து பஞ்சை நம்பி வாழ்கிற ஊர்க்காரன், முப்பத்தேழு வருடம் பஞ்சுக்கு ஈரம் அளந்தவன், பஞ்சால் செய்த பூச்சு ஈரம் குடித்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆலையில் எங்கள் வேலையே அதுதான். ஈரம் குறைந்தால் நூல் அறுந்து போகும், பஞ்சு பறக்கும். கூடினால் உருளையில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் உலர்ந்த குமிழ், நனைந்த குமிழ் என்று இரண்டு தெர்மாமீட்டரையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அந்தப் பழைய கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்து, நண்பன் வீட்டுப் பின்கட்டில் மாட்டினேன். அதே மாதிரி மழை விட்ட ஒரு சாயங்காலம் பார்த்தால் உலர் 26 டிகிரி, ஈரம் 25. அட்டவணையைப் பார்த்தால் ஈரப்பதம் 92 சதவீதம். பனிநிலை ஏறக்குறைய இருபத்து நாலரை. ஒன்றரை டிகிரி குளிர்ந்தால் போதும், பனி இறங்கிவிடும். லாக்கரோ நாலைந்து டிகிரி குளிரும். வெளுக்காமல் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடித்ததும் நான் செய்த முதல் காரியம் ஒன்றும் செய்யாமல் இருந்தது. அந்தப் பிள்ளைக்குப் போன் செய்து, “அம்மா, கார்த்திகைக்கு முடியாது, தை பிறக்கட்டும்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி மாமா” என்றாள். கிட்டார் இல்லாமல்தான் சென்னைக்குப் போனாள். இந்தக் கதையிலேயே எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது அந்தப் போன்தான்.

தை பிறந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு உலர் 31, ஈரம் 23. ஈரப்பதம் 50 சதவீதம், பனிநிலை பத்தொன்பதரை. பதினோரு டிகிரிக்கு மேல் இடைவெளி. லாக்கர் எவ்வளவு குளிர்ந்தாலும் தப்பிக்கலாம். முதலில், ஐப்பசியில் அவசரமாக மேலே அடித்த கோட்டுகளை மிக நைசான வாட்டர் பேப்பரால் பொறுமையாகக் குறைத்தேன். மரம் தெரிந்த ஓரத்தைத் தொடவே இல்லை. பிறகு தின்னரில் ரிடார்டர் என்று கடையில் விற்கிற, மெதுவாகப் பறக்கும் திரவத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்து, லாக்கர் இல்லாமல் வெறும் அந்தக் கலவையை மட்டும், பனி தூவுகிற மாதிரி மெல்ல அடித்தேன். பூச்சு இளகியது. இளகினால் திரிந்தது மறுபடி கரையும், பூச்சு ஒன்றாகக் கூடும். அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிடத்தில் நடுப்பகுதியில் மேகம் விலகி மரத்தின் ரேகை தெரிய ஆரம்பித்தது. முன்பலகை முழுக்கத் தெளிய இரண்டு நாளில் நாலு தடவை அடிக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் மரம் தெரிந்த இடத்துக்கு மட்டும் தனியாகச் சொட்டு வைத்து நிரப்பினேன். அதன் தழும்பு இன்றைக்கும் எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்று நம்புகிறேன்.

ரிடார்டர் நல்லது என்று அள்ளி ஊற்றக் கூடாது. கூடினால் பூச்சு வாரக் கணக்கில் பிசுபிசுக்கும், மேலே காய்ந்து உள்ளே காயாமல் அதுவே ஒரு மங்கலைக் கொடுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைப் பால்கோவாவை வைத்துச் சொன்னால் புரியும். சூடு ஆறுமுன் மூடிவைத்தால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் கோவாவிலேயே விழுந்து கெடுத்துவிடும். உள்ளே இருப்பது வெளியே போக நேரம் கொடுத்துத்தான் அடுத்த கோட் அடிக்க வேண்டும். கடைசி கோட்டுக்குப் பிறகும் மூன்று, நாலு வாரம் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் மெருகு. அவசரப்பட்டு மெருகு போட்டால் இளசான பூச்சில் கீறல் விழுந்து வேறொரு வெள்ளை வரும். அது டர்பன்டைனில் மறையும் ஜாதி.

கம்ப்ரெஸரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றை அழுத்தினால் அதில் இருக்கிற ஈரம் தொட்டியில் தண்ணீராகத் தேங்கும். அடியில் இருக்கிற திருகைத் திறந்து வடிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் ஸ்ப்ரே கன் வழியாகவே வந்து தெறிக்கும். ஐப்பசியில் நான் திறந்து பார்க்கவே இல்லை. தை மாதம் திறந்தபோது ஒரு சொம்புத் தண்ணீர், துருவோடு வந்தது. வாடகைக்குக் கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன், பார்த்திருக்க வேண்டியவன் நான்.

இதைவிட முக்கியம், நெருப்பு. சிவகாசிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன். தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறையில் எரிகிற அடுப்பைத் தேடிப் பிடிக்கும். அடுப்பு, சாமி விளக்கு, ஸ்விட்ச் தட்டுவது எதுவும் பக்கத்தில் கூடாது. மூக்குக்குத் துணி கட்டினால் போதாது, ஆவிக்கான முகமூடி வேண்டும். காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

அரக்குப் பாலிஷுக்கும் மழைக்கும் உள்ள உறவு கொஞ்சம் வேறு. தஞ்சாவூர் வீணை முதல் ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் வரை அரக்குப் பாலிஷ் போட்டவைதான் எத்தனையோ. அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலம் கட்டி, தொட்டுத் தொட்டுத் தேய்ப்பது. அங்கே வெள்ளை வர மூன்று வழி உண்டு என்று அண்ணாச்சி சொன்னார். ஸ்பிரிட்டிலேயே தண்ணீர் கலந்திருக்கும். திறந்து வைத்த ஸ்பிரிட் தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டாவது, அரக்கில் இயல்பாகவே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு மெழுகு இருக்கிறது. கரைசலை அசையாமல் வைத்தால் மெழுகு கீழே இறங்கும், தெளிவை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். கலக்கி அடித்தால் கறுப்பு மரத்தில் மங்கல் தெரியும். மூன்றாவது, கரைத்து மாதக் கணக்கில் வைத்த அரக்கு சரியாக இறுகாது. “ஆறு மாசத்துக்கு மேல வச்சதை நான் தொடவே மாட்டேன்” என்றார். புட்டியில் தேதி எழுதி ஒட்டும் பழக்கம் அவரிடம் இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில்கூட எல்லாப் புட்டியிலும் தேதி இருந்ததில்லை!

இந்த மெழுகு விஷயத்தை அவர் சொன்னபோது எனக்கு அது எதற்கு என்று தெரியவில்லை. தையில்தான் தெரிந்தது.

முன்பலகை தெளிந்துவிட்டது, பக்கங்கள் தெளிந்துவிட்டன. முதுகில் மட்டும், இடது ஓரமாக, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மங்கல் நின்றுவிட்டது. ஐந்தாவது தடவை ரிடார்டர் தூவினேன், போகவில்லை. டர்பன்டைன் தடவினேன், மறையவில்லை. நனைந்த குமிழ், உலர்ந்த குமிழ் எல்லாம் சரியாக இருந்தன. மழை குடித்த வெள்ளை என்றால் மற்ற இடங்களைப் போல இதுவும் போயிருக்க வேண்டும். அண்ணாச்சியிடம் மறுபடி எடுத்துக்கொண்டு போனேன். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். “இது உங்க லாக்கர்ல இல்லை. அதுக்கும் அடியில, மரத்துல ஒட்டி இருக்கு. யாரோ முன்னாடியே அரக்கு ஒரு கை தேய்ச்சிருக்காங்க. மெழுகோட சேர்த்துத் தேய்ச்சது” என்றார்.

அழுக்குப் படியாமல் இருக்க வெறும் மரத்தில் ஒரு கை அரக்குத் தடவி வைப்பது வழக்கம்தான். வீட்டுக்குப் போய் அவன் அலமாரியைத் திறந்தேன். பின்வரிசையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி அரக்குக் கரைசல். அடியில் மெழுகு வெள்ளையாகத் தங்கியிருந்தது. மேலே பொட்டலம் கட்டிய துணி, காய்ந்து கல்லாகிக் கிடந்தது. பங்குனிக் கடைசியில் செய்திருப்பான். முதுகின் இடது ஓரத்தில் தொடங்கி, பாட்டிலைக் கலக்கிய முதல் தொடலில் மெழுகோடு தேய்த்து, பிறகு தெளிவாகத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்திருக்காது.

அதை எடுக்க ஒரே வழிதான் உண்டு. அந்த இடத்தில் லாக்கரை உரித்து, அரக்கை ஸ்பிரிட்டால் கழுவி, மரம் வரைக்கும் போக வேண்டும். தோதகத்தியின் ஊதா நிறம் ஸ்பிரிட்டில் கசியும் என்பது வேறு பயம். முடியாதது இல்லை, செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. பொங்கலுக்கு வந்து, லீவு போட்டு இன்னும் ஊரிலேயே இருந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டிலையும் காட்டினேன். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையை அந்த மங்கல் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: “இது பரவுமா மாமா?”

“பரவாது. இப்படியேதான் இருக்கும்.”

“அப்போ விட்டுருங்க.”

விட்டுவிட்டேன். மாசிக் கடைசியில் மெருகு போட்டு, கம்பி கட்டி, சென்னைக்கு நானே ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராஜபாளையத்தில் ஏறி எழும்பூர் வரைக்கும் மடியில்தான் வைத்திருந்தேன். எதிர் இருக்கைக்காரர் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். எனக்குத் தெரியாது என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

போன தடவை அவள் ஊருக்கு வந்தபோது கிட்டாரைக் கொண்டுவந்தாள். முதல் வேலையாக முதுகைத் திருப்பிப் பார்த்தேன். சொன்னபடியே அந்த மங்கல் அதே அளவில் இருந்தது. ஆனால் முன்பலகையில், வாசிக்கும்போது வலது முழங்கை படுகிற இடத்தில், புதிதாக ஒரு லேசான மேகம். டர்பன்டைன் தடவினேன், மறைந்தது. காய்ந்ததும் வந்தது. வியர்வை. சென்னை வெயிலில் தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறாளாம். அதோடு கொசு விரட்டிக் களிம்பைக் கையில் தடவிக்கொண்டு வாசித்திருக்கிறாள். அதில் இருக்கிற மருந்து இந்த லாக்கரை இளக்கிவிடும். “வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச பருத்தித் துணியால துடை. களிம்பு தடவின கையோட தொடாதே. ரப்பர் ஸ்டாண்டுல சாய்ச்சு வைக்காதே, அதுவும் ஒட்டிக்கும்” என்று சொல்லி, சத்திரப்பட்டித் துணி ஒரு கட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார், சாப்பாட்டுப் பந்தி தயார் என்று நினைக்கிறேன். இரவல் வாங்கிய அந்தத் தெர்மாமீட்டரை இன்னும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆலை நண்பர்கள் இரண்டு பேர் இங்கே உட்கார்ந்திருப்பதால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்த வாரம் கொண்டுவந்து தந்துவிடுவேன்.